அடங்கியவன் நலம் பெற்றவனா?

‘இப்போது எப்படி இருக்கிறான்?’ என்று கேட்டால், ‘அல்ஹம்துலில்லாஹ், இப்போது தொந்தரவு ஒன்றும் இல்லை’ என்று விடை வருகிறது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும், சித்தம் கலங்கியவரோ, தீராத வலிப்புடையவரோ, தலையில் அடிபட்டுக் குணம் மாறியவரோ உள்ள எந்த வீட்டிலும் இவ்விடையைக் கேட்கலாம். பெற்ற தாயின் வாயிலிருந்து வரும்போது, அஃது எத்தனை ஆண்டுக் கண்விழிப்புக்குப் பின் வந்த சொல் என்பதை உணர்ந்து நாமும் மேலே ஒன்றும் கேட்பதில்லை. ஆயினும் அச்சொல்லைச் சற்றே உற்று நோக்கினால் ஒரு வினா எழுகின்றது. தொந்தரவு யாருக்கு இல்லை? நோயாளிக்கா, அவனைச் சுற்றி இருப்போருக்கா? இரண்டும் ஒன்றுதானா?

இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் சென்னை மாநகரின் ஜெனரல் ஆஸ்பத்திரியில், இராயபுரத்திலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில், உலக மருத்துவர் பலரும் கவனித்த முறையில் இது கேட்கப்பட்டது. ஒரு வகையில் விடையும் அளிக்கப்பட்டது. அதைச் சொல்லுமுன் மூளையைப் பற்றிச் சிறிது பேச வேண்டும்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் தன் நெடிய இழையின் வழியே மின் துடிப்பாகச் செய்தியை அனுப்புகிறது. இழையின் முனையில் ஒரு சிறு இடைவெளி. அவ்விடைவெளியை வேதிப்பொருளே கடந்து அடுத்த அணுவைத் தட்டி எழுப்புகிறது. மேலுறை பூண்ட பருத்த இழைகளில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வரை பாயும்; உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே ஊர்ந்து செல்லும். துறைமுகத்தில் பெட்டி இறக்கும் தொழிலாளியின் காலில் சுமை விழுந்தால் முதலில் சுரீர் என்றொரு வலியும், சிறிது நேரம் கழித்து மந்தமாய் எரியும் மற்றொரு வலியும் தோன்றுவது இதனால்தான். ஒரே அடிக்கு இரண்டு தூதுவர். ஒருவர் குதிரையேறி வருகிறார், மற்றவர் நடந்து வருகிறார்.

இது யாவர்க்கும் ஒப்பவே முடியும். ஆனால் கோபமும் நாணமும் பொறுமையும் இவ்விழைகளின் வேலைதான் என்று சொன்னால் நம் உள்ளம் ஒப்ப மறுக்கிறது. அவற்றை நாம் நம்முடையவை என்றும், நம் ஒழுக்கத்தின் விளைவு என்றும் எண்ணியிருக்கிறோம். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பினியாஸ் கேஜ் என்னும் இருபத்தைந்து வயது இரயில்பாதை மேஸ்திரி, பாறை உடைக்க வெடிமருந்தை இடித்துக்கொண்டிருந்தான். மருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி அவன் இடக் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவன் இறக்கவில்லை. பேசினான், நடந்தான், பிழைத்தான். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவனாய் இருந்தவன், வாய்க்கு வந்ததைப் பேசுபவனாகவும் எடுத்த எண்ணத்தில் நிலைக்காதவனாகவும் ஆனான். பழைய மேஸ்திரி வேலையை அவனுக்குத் திரும்பத் தர முதலாளிகள் துணியவில்லை. இக்கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுவது வழக்கம், அது நேர்மையன்று. பிற்காலத்தில் அவன் சிலி நாட்டிற்குச் சென்று பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான் என்பதும் பதிவாகியிருக்கிறது. கட்டுப்பாடே அற்றவன் அந்த வேலையில் நீடித்திருக்க முடியாது.

நம் பகுதியில் கேஜ்கள் அரியர் அல்லர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீடு திரும்புகிறார்கள். (1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததால் பழைய தலைமுறையினர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைப்பர்.) காயம் ஆறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து மனைவி சொல்கிறாள்: ‘ஆளே மாறிப்போய்விட்டார்.’ நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை நசுங்கியிருப்பதை எக்ஸ்ரே காட்டாது. சுற்றத்தார் அதைத் திமிர் என்பர். சிலர் குடி என்பர். இன்னும் சிலர் ஜின் என்பர்.

இங்கேதான் நரம்பு உளவியலார் என்போர் வருகின்றனர். மூளையின் எப்பகுதி கெட்டது, எது மிஞ்சியிருக்கிறது என்பதைக் கத்தியின்றிக் கேள்வியால் அளப்பது அவர் தொழில். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வர். வார நாட்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வர். கடிகாரம் வரையச் சொல்வர். வலப்புற மூளையின் பின்பகுதி கெட்ட சிலர் பன்னிரண்டு எண்களையும் கடிகாரத்தின் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதிவிடுவர். உலகின் இடப்பாதி அவர்களுக்கு இல்லாமற் போயிருக்கும். எளிய சோதனைகள்தாம், எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. காசிமேட்டில் வலை பின்னும் முதியவர் வாழ்நாளில் பென்சில் பிடித்திராவிட்டால் அவர் வரையும் கடிகாரம் கோணலாகத்தான் இருக்கும். அக்கோணல் அவர் மூளையின் குற்றமன்று, பள்ளிக்கூடத்தைக் காணாத பிள்ளைப் பருவத்தின் குற்றம். இதனை உணர்ந்தே பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதியில், எழுத்தறியாதார்க்கும் பள்ளிப் படிப்பினர்க்கும் கல்லூரிப் படிப்பினர்க்கும் வெவ்வேறு அளவுகோல்களை வகுத்தனர். அளப்பவன் தன் கோலை முதலில் அளந்துகொள்ள வேண்டும் என்பது இத்துறை நமக்குத் தந்த நல்ல பாடம்.

இனி ஜெனரல் ஆஸ்பத்திரிக்குச் செல்வோம்.

1950-ஆம் ஆண்டு டாக்டர் பி. ராமமூர்த்தி அங்கே மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த அவர் இந்நாட்டில் அத்துறையை நிலைநிறுத்திய முன்னோடிகளுள் ஒருவர். அவருடன் பணியாற்றியவர் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், மற்றொருவர் டாக்டர் டி. எஸ். கனகா. பெண்கள் மூளை அறுவைக்கு வருவதை உலகமே வியப்பாகக் கருதிய காலத்தில் அத்துறையில் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர் எனப் போற்றப்பட்டவர் அவர், 2018-இல் மறைந்தார். ஏழை நோயாளிகளுக்கு இவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. இதை நான் முன்னதாகவே சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே வருவதைப் படிப்போர் இவர்களைக் கொடியவர் என்று எண்ணிவிடலாகாது.

மூளையின் இரு பக்கவாட்டுகளிலும், காதிற்கு உள்ளே சற்று முன்னால், பாதாம் பருப்பின் அளவும் வடிவமும் கொண்ட ஓர் அணுத்திரள் உண்டு. அமிக்டலா என்னும் அதன் கிரேக்கப் பெயருக்கே பாதாம் என்றுதான் பொருள். அச்சமும் சினமும் அங்கே கிளறப்படுகின்றன. 1930-களில் குளூவர், பியூசி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் குரங்குகளின் பக்கவாட்டு மூளைகளை அகற்றியபோது, மூர்க்கமான குரங்குகளும் சாதுவாகிவிட்டதைக் கண்டனர். பாம்பைக் கண்டும் அஞ்சாமல் அவை கையில் எடுத்தன. ஜப்பானில் நரபயாஷி என்னும் மருத்துவர் அமிக்டலாவை மட்டும் சிதைக்கும் அறுவையை மனிதர்க்குச் செய்து 1963-இல் எழுதினார். சென்னை மருத்துவர்களும் அவ்வழியில் இறங்கினர். தலையைச் சட்டத்தில் பொருத்தி, நீள அகல ஆழங்களைக் கணக்கிட்டு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியை இலக்குவரை செலுத்தி, எண்ணெய்க் கலவையாலோ மின்வெப்பத்தாலோ அப்பருப்பைச் செயலிழக்கச் செய்வர். போதாதவர்க்கு ஹைபோதலமஸ் என்னும் பகுதியிலும் இதுபோல் செய்தனர். 1988-இல் ராமமூர்த்தி தம் பிரிவின் அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது இத்தகைய அறுவைகளின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியிருந்தது. உலகிலேயே பெருந்தொகைகளுள் ஒன்று அது.

யாருக்குச் செய்தனர்? மூளைக் காய்ச்சலுக்குப் பின் ஓயாது ஓடித் திரியும் பிள்ளைகள், தம்மையே கடித்துக்கொள்வோர், தலையைச் சுவரில் மோதிக்கொள்வோர், வலிப்போடு மூர்க்கமும் சேர்ந்தவர்கள், பலர் சிறுவர். மருந்துகளை முயன்று பார்த்துப் பயன்படாது போன பின்னரே வந்தவர்கள். பாலசுப்பிரமணியம் இம்முறைக்கு ‘அமைதிப்படுத்தும் அறுவை’ என்னும் பொருளில் ஒரு பெயர் சூட்டினார். நோயாளியைச் சாந்தமாகவும் எளிதில் கையாளத்தக்கவனாகவும் ஆக்கும் அறுவை என்று விளக்கமும் தந்தார். பலன்களுக்குப் படிகள் வகுத்தபோது, மருந்தே வேண்டாது பிறரோடு கலந்து பழகுவது முதற்படி. பெரிதும் அடங்கி, எப்போதாவது மட்டும் சீறுவது அடுத்த படி. பயனுள்ள வாழ்க்கை இல்லாவிடினும் மருந்தோடு கையாளத்தக்கவனாய் இருப்பது அதற்கடுத்தது.

‘கையாளத்தக்கவன்’ என்னும் இச்சொல்லில்தான் என் மனம் தங்கிவிடுகிறது. ஒளிவு மறைவற்ற சொல் அது. ‘குணமானான்’ என்று பூசி மெழுகாமல், நேர்ந்தது எதுவோ அதையே மருத்துவர் எழுதினார். அதனாலேயே நாமும் நேரே கேட்க முடிகிறது: கையாள்வோருக்கு வசதியானது, கையாளப்படுவோனுக்கு நன்மையா?

அமிக்டலாவை இழந்தால் போவது சினம் மட்டுமன்று. அரிய நோயொன்றால் இருபுறமும் அதனை இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி 1994-இல் அமெரிக்க அறிஞர்கள் எழுதினர். மகிழ்ச்சியையும் துயரத்தையும் முகத்தில் காணவல்ல அவரால், பிறர் முகத்திலுள்ள அச்சத்தை மட்டும் அடையாளம் காண இயலவில்லை. அஞ்ச வேண்டிய இடங்களில் அவர் அஞ்சவும் இல்லை. அச்சம் ஓர் இடையூறென்றே நாம் நினைக்கிறோம். பிள்ளை அடுப்பை அணுகாதிருப்பதும், கப்பற்கூடத்தில் தொங்கும் பாரத்தின் கீழ் தொழிலாளி நில்லாதிருப்பதும், தாயின் முகம் வெளுத்தால் மகன் கை ஓங்காதிருப்பதும் அதனால்தான். தணிந்து போனவனிடமிருந்து சினத்தோடு வேறெது கூடப்போயிற்று என்று தேடிப் பார்த்தாலொழிய அவன் நலத்தை எடைபோட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாதவன் அத்தகைய வீட்டு வாசலை மிதித்தறியாதவன். பகலெல்லாம் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த மோதலே வேதனை. அதை நிறுத்துவது அவனுக்குச் செய்யும் நன்மையே. கட்டிலோடு கட்டிவைத்திருந்தவனைக் கட்டவிழ்த்துத் தெருவிற்கு அழைத்துச் செல்ல முடிந்தால் அவன் இழந்ததைவிடப் பெற்றது மிகுதி எனலாம். தாயின் உறக்கமும் ஒரு நன்மைதான். அவள் ஓய்ந்து விழுந்துவிட்டால் அவனைப் பார்ப்பவர் யார்? ஆகவே, பிறருடைய நிம்மதிக்காகச் செய்தது என்பதாலேயே ஒன்று தீயதாகிவிடாது. அப்படியானால் எதைக் கொண்டு பிரித்தறிவது? மூன்றை நான் பார்ப்பேன். மீட்கக் கூடியதா என்பது ஒன்று: மாத்திரையை நாளை நிறுத்தலாம், சிதைத்த அணுத்திரளை மீண்டும் வைக்க இயலாது. அடங்கியபின் அவனால் எது கூடுகிறது என்பது அடுத்தது: சஹனில் எல்லாரோடும் அமர்ந்து உண்கிறானா, அல்லது மூலையில் இருப்பதே தெரியாமல் இருக்கிறானா? அவனை யாரேனும் கேட்டார்களா என்பது மூன்றாவது. மூன்றனுள் இதுவே கடினமானது. பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுவே.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1973-இல் இது நீதிமன்றம் ஏறியது. பல ஆண்டுகளாக மனநல விடுதியில் அடைபட்டிருந்த ஒருவருக்கு இதே போன்ற மூளை அறுவை செய்ய ஏற்பாடாயிற்று. அவர் சம்மதக் கையெழுத்தும் இட்டிருந்தார். அடைபட்டிருப்பவன், வெளியே போவதற்கு எதற்கும் கையெழுத்திடுவான். அது சுதந்திரமான சம்மதமாகாது என்று நீதிமன்றம் தடுத்தது. அங்கே கையெழுத்திடும் அளவிற்கு நோயாளிக்குத் தெளிவேனும் இருந்தது. நம் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு அதுவும் இல்லை, தந்தையே கையெழுத்திட்டார். அந்தத் தந்தையும் ஒரு வகையில் அடைபட்டவர்தாமே?

மார்க்க நூல்களில் பழகிய நமக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். உறங்குபவர், சிறுவர், சித்தம் கலங்கியவர் ஆகிய மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நம் வீடுகளில் பலரும் அறிந்த நபிமொழியின் கருத்து. கேஜைப் போன்றவனைத் திமிர் பிடித்தவன் என்று ஏசுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் இதனை நாம் வேறு விதமாய் வளைத்துக்கொண்டோம். எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவர்தம் குற்றப் பதிவேட்டிலிருந்துதான். குடும்ப அட்டையிலிருந்து அன்று. சித்தம் கலங்கிய வாரிசுக்கும் பாகப்பிரிவினையில் முழுப் பங்கு உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி அவர் செல்வத்திற்கும் ஜகாத் உண்டு, வலீ எடுத்துக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அக்கடமை இல்லை. எனினும் செல்வம் அவருடையது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அறிவு முதிராதோரிடம் பொருளை ஒப்படைக்காது நீங்களே பேணுங்கள் என்று கூறும் சூரத்துன் நிஸாவின் வசனம், உணவும் உடையும் அளிப்பதோடு நிற்கவில்லை. அவர்களிடம் நல்ல சொல் பேசுவதையும் சேர்த்தே கட்டளையிடுகிறது. உணவும் உடையும் நாம் கொடுத்துவிடுகிறோம். அவரைப் பற்றிப் பேசுகிறோமே தவிர அவரிடம் பேசுகிறோமா?

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தர்காவை அண்டித் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாமல் கருகினர். இறந்தோர் 28 பேர். அச்சங்கிலிக்கும் அன்றைய கணக்கில் ‘தொந்தரவு இல்லை’ என்றுதான் பெயர். அதன்பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. சங்கிலியைச் சட்டமும் விலக்கியது. எல்லாரும் கண்ணீர் விட்டோம். ஆனால் இரும்புக்குப் பதில் அளவுக்கு மிஞ்சிய மாத்திரையும், பின்கட்டு அறையின் தாழ்ப்பாளும் வந்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதை அவரவர் தெருவில் எண்ணிப் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே ஏச்சாக்கிவிட்ட நகரம் நம்முடையது. 1871 முதல் அங்கே நடந்துவரும் மருத்துவமனைக்குப் போனதாக வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அஞ்சுவோர் தாழ்ப்பாளைத்தானே நாடுவர்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதற்கு நோயாளியின் தெளிந்த சம்மதமும், அதற்குரிய வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. அதற்கு முன்பே புதிய மருந்துகளாலும் மாறிய கருத்துகளாலும் அமிக்டலா அறுவை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இருந்தாலும் அவ்விதியின் விளைவைச் சிந்திக்க வேண்டும். ராமமூர்த்தியிடம் கொண்டுவரப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனைப் போன்ற ஒருவன் இன்றும் தண்டையார்பேட்டையில் இருக்கக்கூடும். சம்மதம் சொல்ல அவனால் ஆகாது. எனவே அந்தக் கதவு அவனுக்கு மூடிவிட்டது. மூட வேண்டிய கதவுதான். ஆனால் அந்தக் கதவைத் தட்டியவள் எந்தத் துயரத்தோடு வந்தாளோ அத்துயரம் அப்படியே இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு பகற்பொழுதேனும் வேறு கைகள் இருந்தால், அவளுக்கு உறக்கமும் அவனுக்கு வேறு முகங்களும் கிட்டும். எவருடைய மூளையிலும் துளையிட வேண்டாத சிகிச்சை அது.

இடமா இல்லை? காலையில் மக்தப் முடிந்தால் அஸர் வரை பூட்டிக்கிடக்கும் அறைகள் எத்தனையோ மஹல்லாக்களில் உண்டு. மின்விசிறி உண்டு, பாய் உண்டு, தண்ணீர் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரும் உதவிக்கு இரண்டு இளைஞரும் போதும். இக்கருத்தை ஒரு முத்தவல்லியிடம் சொன்னேன். நல்லவர், கொடையாளி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், சம்பளம் எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கவில்லை. அவர் முதலில் கேட்டது, ‘பையன் சத்தம் போடுவானா?’ என்பது.